வீட்டில் எத்தனை பேர்

தம்பி,

நீ சுகமாய்ப் போய்ச் சேர்ந்தாயா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. இன்று காலையில்தான் புட்டும் முட்டைப்பொரியலும் கட்டித் தந்து, வீதிக்கு வந்து உன்னை வவுனியா பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். கனகராயன்குளத்திலிருந்து செட்டிகுளம் கடல் கடந்த தேசமில்லை என்று நீயே என்னைப் பகிடி பண்ணினாய். ஆனால் சுகாதாரப் பரிசோதகராய் உன் முதல் கடமை அங்கேதான் என்று நியமனக் கடிதத்தை வாசித்துக் காட்டிய நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. நீ எட்டு வயதில் என்னோடு முட்கம்பி முகாமுக்குள் இருந்த ஊர் அது, அதனால்தான் அம்மா பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டாய். அதுவும் உண்டுதான். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருக்கிறது. அது நீ ஞாயிற்றுக்கிழமை பேசிய பேச்சால் வந்தது.

வேலை கிடைத்த சந்தோசத்தில் கூட்டாளிமாரை ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தாய். அவர்களில் ஒருவன், "வீடு வீடாய்ப் போய்க் கிணத்தையும் கக்கூசையும் எட்டிப் பாக்கிற வேலையடா, வேற ஒண்டும் கிடைக்கேல்லையோ" என்று கேட்டான். நீயும் சிரித்தாய். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாய்: "கொரோனா வந்த முதல் மாதங்களில நான் உந்த அறையில காய்ச்சலோட கிடந்தனான். அரசாங்கம் எண்டு ஒண்டு இருந்தது, எங்கட வாசல் படலைக்கு ஒருத்தரும் வரேல்லை. வந்து சோதிச்சு என்னைப் பிரிச்சு வைச்சிருந்தா எங்கட மாமி இண்டைக்கு இருந்திருப்பா. ஒருத்தரும் வராத வீடு எண்டு ஒரு வீடு இனி இருக்கக்கூடாது. அதுக்காகத்தான் இந்த வேலைக்கு வந்தனான்." நான் குசினி வாசலில் ரசச் சட்டியோடு நின்றேன். சட்டி சரிந்து ரசம் காலில் சிந்தியது. சுட்டதுகூட எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் வந்தார்கள், தம்பி. மூன்று தரம் வந்தார்கள். உன்னைத்தான் கேட்டார்கள். நீ இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியவள் நான்.

இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல மூன்று நாள் முயன்றேன். ஞாயிறு பின்னேரம் உன் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தபோது வாய் வரை வந்தது. "என்னம்மா" என்று நீ திரும்பிக் கேட்டதும், "பொத்தான் ஒண்டு கழண்டிருக்கு" என்று சொல்லித் தப்பிவிட்டேன். நான் வாய்க்காரி என்று ஊரில் பெயர். சந்தையில் தராசுக்காரனோடு சண்டை பிடிக்கிற வாய் உனக்கு முன்னால் ஊமையாகிவிட்டது. நீ ஒரு பொய்யின் மேல் நின்று இந்த வேலைக்குப் போகிறாய், அந்தப் பொய்யைக் கட்டினவள் நான். அது உனக்கு என்றைக்காவது வேறு யார் வாயாலாவது தெரியவந்தால் என்ன ஆகும் என்பதுதான் என் பயம். ஆனபடியால் நானே எழுதுகிறேன்.

முதலில் உன் அப்பாவின் கதையைச் சொல்லவேண்டும். அப்பா பஸ்ஸில் ஏறிப் போனது உனக்குத் தெரியும். அவரை ஏற்றியது யார் என்று நீ பல தரம் கேட்டிருக்கிறாய், நான் ஒவ்வொரு தரமும் சீருடைக்காரர் என்றேன். சண்டையின் கடைசி நாட்களில் தண்ணீரைக் கடந்து வந்த பிறகு, ஒரு வெட்டைவெளியில் எங்களை இருத்தி வைத்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள்: இயக்கத்தில் ஒரு நாள் வேலை செய்தவர்களும் வந்து பெயரைப் பதியுங்கள், விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம். அப்பா மூன்று மாதம் அவர்களுடைய வாகனம் திருத்துகிற இடத்தில் வேலை செய்தவர். அவர் எழும்பவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் அவர் தோளைத் தட்டி, "ஒளிச்சா பிறகு ஆரும் காட்டிக் குடுத்திடுவினம். உள்ளதைச் சொல்லிப் பேரைக் குடுங்கோ, விட்டிடுவினம்" என்று சொன்னேன். என் சொல்லைக் கேட்டு எழும்பிப் போனார். பெயரை ஒரு தாளில் எழுதினார்கள். பஸ்ஸில் ஏற்றினார்கள். "நானும் வாறன்" என்று ஓடினேன். இடமில்லை என்றார்கள். அவர் திரும்பி வரவேயில்லை. அந்தத் தாளின் ஒரு பிரதி கேட்டு நான் ஏறாத அரசாங்கக் கந்தோர் இல்லை. அப்படியொரு தாளே இல்லை என்கிறார்கள். என் கண்ணுக்கு முன்னால் எழுதிய தாள்.

அப்பாவின் அக்கா, உன் தவமணி மாமி, அப்போது எங்களோடுதான் இருந்தா. தன் தம்பியை நான் அனுப்பி வைத்ததைக் கண்ணால் கண்டவா. சாகும்வரை அதை ஒரு சொல்லாலும் குத்திக் காட்டவில்லை. முகாமில் குடும்ப விபரம் எடுக்க வந்தபோது மட்டும் என் காதுக்குள் சொன்னா: "மச்சாள், ஒரு பேரைக் குறைச்சுச் சொல்லு." நான் உன் பெயரைக் குறைத்தேன். உனக்கான நிவாரணம் வராது, வராவிட்டால் என்ன, எங்கள் இரண்டு பங்கை மூன்றாக்கிச் சாப்பிட்டோம். அன்றிலிருந்து எந்தப் பட்டியல் வந்தாலும் ஒரு பெயரைக் குறைத்தே சொல்லிப் பழகிவிட்டோம். நாங்கள் மட்டுமில்லை, இந்தப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் அப்படித்தான். இங்கே வந்து குடியேறிய பிறகு கிராம சேவையாளர் ஒரு நாள் கேட்டார்: "அக்கா, பள்ளிக்கூடத்தில இருக்கிற பெடியன் ஏன் உங்கட குடும்ப அட்டையில இல்லை?" மறந்துபோனேன் என்றேன். பெற்ற ஒரே பிள்ளையை மறந்த தாயைப் பார்ப்பதுபோல அவர் என்னைப் பார்த்தார்.

இனி கொரோனா வந்த அந்தப் பங்குனிக்கு வருகிறேன். நாட்டை இழுத்து மூடினார்கள். பள்ளிக்கூடம், கோயில், கடை எல்லாம் பூட்டு. நீ உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுக் கொழும்பில் ஒரு கடையில் வேலைக்கு நின்றாய். ஊரடங்குக்குள் பாஸ் இல்லாமல், மரக்கறி லொறியில் வெறும் பெட்டிகளுக்கு நடுவில் இருந்து வந்து சேர்ந்தாய். உன்னைக் கண்ட சந்தோசத்தில் நான் உன் நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை. மாமிதான் தொட்டுப் பார்த்து, "பிள்ளைக்குக் காயுது" என்றா. அடுத்த நாள் இருமல். வானொலியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள், வெளி இடத்திலிருந்து வந்தவர்கள் பதிய வேண்டும், பதிந்தவர்களைத் தனிமைப்படுத்தும் நிலையத்துக்குப் பஸ்ஸில் கூட்டிப் போவார்கள், பதினான்கு நாளில் விட்டுவிடுவார்கள் என்று. பதிவு, பஸ், விட்டுவிடுவார்கள். அப்பாவுக்குச் சொன்ன அதே சொற்கள். மாமி எழும்பிப் போய் வானொலியை நிறுத்தினா.

இரண்டு பேருமாக உன்னை நெல் மூட்டை அடுக்கிய அறைக்குள் படுக்க வைத்தோம். பாஸ் இல்லாமல் வந்ததற்குப் பொலிஸ் தேடுகிறது என்று உனக்குச் சொன்னோம், காய்ச்சல் மயக்கத்தில் நீயும் நம்பினாய். நான்காம் நாள் காலை பத்து மணிபோல வீதியில் பஸ் ஒன்று நிற்கும் சத்தம். அந்தப் பிரேக் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. படலைக்கு முன்னால் முகக்கவசம் போட்ட ஒரு இளம் பரிசோதகர், கையில் தாள். அவருக்குப் பின்னால் துவக்கோடு இரண்டு சீருடைக்காரர். நான் மாமியை அறைக்குள் தள்ளி, "இருமல் வந்தா சீலையால வாயைப் பொத்துங்கோ" என்று சொல்லிக் கதவைச் சாத்தி, இரண்டு மூட்டையை இழுத்து முன்னால் வைத்தேன். அவ்வளவு பாரத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் தனியாக இழுத்ததில்லை.

"அம்மா, உங்கட மகன் கொழும்பில வேலை செய்த கடையில ஒருத்தருக்கு வருத்தம் பிடிபட்டிருக்கு. உங்கட மகன் ஊருக்கு வந்திட்டார் எண்டு சொல்லுகினம்" என்றார்.

"அவன் வரேல்லை. அங்கதான் நிக்கிறான்."

"வீட்டில எத்தனை பேர்?"

"ரெண்டு பேர். நானும் என்ர மச்சாளும். அவா கிணத்தடியில நிக்கிறா."

எழுதிக்கொண்டு போய்விட்டார். கதவைத் திறந்தபோது மாமி உன் தலையை மடியில் வைத்து, உன் முகத்தைச் சீலையோடு சேர்த்துத் தன் நெஞ்சில் அழுத்திப் பிடித்திருந்தா. அவாவுக்கு மூச்சு அடைக்கிற முட்டு வருத்தம் இருந்தது உனக்குத் தெரியும். யன்னல் இல்லாத அறை, நெல் தூசி, உன் இருமல். வெளியே வந்து தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு இழுத்தா. நான் சுடுதண்ணீர் கொடுத்தேன். "பிள்ளை ஒரு சத்தமும் போடேல்லை" என்று பெருமையாய்ச் சொன்னா.

இரண்டாம் தரம் அவர் தனியாக மோட்டார் சைக்கிளில் வந்தார். பஸ் இல்லை, துவக்கும் இல்லை. என் கண் படலைக்குப் பின்னால் வீதியைத் தேடியதை முதல் நாளே கவனித்திருப்பார்போல. "அம்மா, நான் மட்டும்தான் வந்தனான். பயப்பிடாதேங்கோ" என்றார். அப்பாவிடம் பெயர் கேட்டவனும் அன்பாகத்தான் கேட்டான். நான் திரும்பவும் இரண்டு பேர் என்றேன். மாமி திரும்பவும் அந்த அறைக்குள் இருந்தா.

மூன்றாம் தரம் வந்தபோது நீ இருமினாய். ஒரேயொரு இருமல், சீலைக்குள் அமுங்கிய இருமல். எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் சத்தம் போடவில்லை. பையிலிருந்து காய்ச்சலுக்கு இரண்டு அட்டை பனடோல் எடுத்துப் படலைத் தூணின் மேல் வைத்தார். ஒரு துண்டுத் தாளில் நம்பர் எழுதி அதற்குப் பக்கத்தில் வைத்தார். "ஆருக்காவது மூச்சு வாங்கினா இதுக்கு அடியுங்கோ. எந்த நேரமெண்டாலும் நான் தனியத்தான் வருவன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பனடோலை உனக்குத் தந்தேன். நம்பரை அடுப்பில் போட்டேன். அந்தத் தாள் வீட்டில் இருந்தால் அதுவே சாட்சியாகிவிடும் என்று பயந்தேன்.

உனக்குக் காய்ச்சல் விட்டது. நீ எழும்பிச் சோறு கேட்ட நாளில் மாமிக்குக் காயத் தொடங்கியது. கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். முட்டுத்தான், முட்டுத்தான் என்று அவாவும் சொன்னா, நானும் சொன்னேன். மூன்றாம் நாள் அவாவுக்கு ஒரு சொல்லை முடிக்க மூச்சுப் போதவில்லை. நம்பர் சாம்பலாய்ப் போயிருந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன், நீ வீட்டுக்குள் நின்றாய். அங்கே டொக்டர் பிள்ளை என்னிடம் தெளிவாய்க் கேட்டா: "வீட்டில வேற ஆருக்கும் காய்ச்சல் இருந்ததோ? வெளியில இருந்து ஆரும் வந்தவையோ?" அந்த நேரத்திலாவது சொல்லியிருக்கலாம். மாமி கட்டிலில் இருந்து என்னைப் பார்த்தா. தலையை இல்லை என்று மெல்ல ஆட்டினா. நானும் இல்லை என்றேன். மத்தியானத்துக்கு முன் அவா போய்விட்டா. முட்டு என்று எழுதினார்கள், வேறு எதை எழுதுவார்கள். அது நெல் தூசியா, உன் காய்ச்சலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியவரக்கூடிய வழியை மறித்தவளும் நான்தான்.

பிறகு நீ தேறி, அழுது, கோபப்பட்டு, ஒருத்தரும் வரவில்லையே என்று முதல் தரம் சொன்னபோது நான் பேசாமல் இருந்தேன். அந்தக் கோபம் அரசாங்கத்தின் மேல் போனால் என் மேல் வராது என்று நினைத்தேன். ஊரில் அரசாங்கத்தைத் திட்டுவதற்குத் துணைக்கு ஆள் தேடவேண்டுமா என்ன. நீ அதையே சொல்லிச் சொல்லி, அதையே பிடித்துக்கொண்டு படித்து, இப்போது அதுவே உன் உத்தியோகமாகிவிட்டது.

அப்படியென்றால் அந்த நாட்களில் அரசாங்கம் செய்தது சரியா என்று நீ என்னைக் கேட்பாய். நீ அதிகாரி, புத்தகம் படித்தவன், உன் தீர்ப்பு வேறாய் இருக்கலாம். என் தீர்ப்பு இது. அவர்கள் பிந்தி வரவில்லை. நான் வாய்விட்டுத் திட்டினாலும் அதை மறைக்க மாட்டேன். வருத்தம் எங்கள் ஊருக்குள் வருமுன்னே வீதியை மூடினார்கள், உன் கடையில் ஒருவனுக்கு என்றதும் நாலு நாளில் என் படலைக்கு வந்து நின்றார்கள். ஆனால் யாரிடம் வருகிறோம் என்று யோசிக்காமல் வந்தார்கள். காய்ச்சல்காரனைத் தேடி வந்தவரின் பின்னால் துவக்கு எதற்கு? சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்களுக்குச் சூடு போட்ட அதே பஸ்ஸை, அதே உடுப்பை, அதே சொல்லை எடுத்துக்கொண்டு வந்து, ஏன் இந்தச் சனம் ஒளிக்கிறது என்று கேட்டால் நான் என்ன சொல்ல. இதைச் சொல்லி என் பிழையைக் கழுவப் பார்க்கவில்லை. துவக்கு இல்லாமல் வந்த நாளிலும் பொய் சொன்னவள் நான்.

இப்போது உன்னை நினைத்துத்தான் எனக்குப் பயம். நாளைக்கு ஏதோ ஒரு காய்ச்சல் வரும், வந்துகொண்டுதான் இருக்கும். நீ தாளோடு ஒரு படலையில் நிற்பாய். என்னைப்போல ஒருத்தி வந்து, ஒருத்தரும் இல்லை என்று சொல்லுவாள். உள்ளே ஒரு இருமல் கேட்கும். அந்தப் பரிசோதகரைப்போல நீ இரக்கப்பட்டுத் திரும்பி வந்துவிடுவாயோ என்று பயப்படுகிறேன். அவர் நல்ல மனிதர். அவர் அன்றைக்கு அந்தக் கதவைத் திறந்திருந்தால் மாமி இருந்திருப்பா. திறந்திருந்தால் நான் அவரை இன்றுவரை சபித்துக்கொண்டுமிருப்பேன். நீ சாபத்தை வாங்கிக்கொள், தம்பி. திரும்பி வராதே. ஆனால் ஆயுதக்காரரைக் கூட்டிப் போகாதே. எழுதுகிற ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பிரதி எழுதி அவள் கையில் கொடு. எந்த இடம், யாரைக் கேட்க வேண்டும், ஆள் எப்போது திரும்பும் என்று அதில் இருக்கட்டும். அவள் "நானும் வாறன்" என்றால் இடமில்லை என்று மட்டும் சொல்லாதே. அந்த இடத்தின் வாசல் வரைக்குமாவது கூட்டிப் போய்க் காட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்து விடு. எனக்கு ஒரு தாளும், ஒரு பஸ்ஸில் ஒரு ஆள் இருக்கக்கூடிய இடமும் கிடைத்திருந்தால், பதினொரு வருடம் கழித்து மூட்டையை இழுத்துக் கதவில் வைத்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். அதுவும் நிச்சயமாய்த் தெரியாது.

இதை வாசித்துவிட்டு நீ வீட்டுக்கு வருவாயோ, வரமாட்டாயோ. வந்தால் என் முகத்தைப் பார்த்துப் பேசுவாயோ. ஆனாலும் தபாலில் போடத்தான் போகிறேன். மாமியின் படத்துக்கு முன்னால் கதிரையைப் போட்டு இருந்துதான் இதை எழுதுகிறேன். வேண்டாம் என்று அவா இப்போதும் தலையாட்டுகிற மாதிரித்தான் இருக்கிறது. இந்த முறை நான் கேட்கவில்லை.

அந்தப் பரிசோதகர் இப்போது எந்த ஊரில் வேலை செய்கிறாரோ தெரியாது. மூன்று தரம் அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்விக்கு நான் இன்னும் உண்மையான பதில் சொல்லவில்லை. அவர் இருந்த கதிரையில் இப்போது நீ இருக்கிறாய். ஆகையால் உன்னிடம் சொல்கிறேன், எழுதிக்கொள்.

வீட்டில் மூன்று பேர். நான். என் மச்சாள் தவமணி, முட்டு வருத்தக்காரி. என் மகன், கொழும்பிலிருந்து வந்தவன், நாலு நாளாய்க் காய்ச்சல், உள்ளே படுத்திருக்கிறான்.

அம்மா